பழைய கார் பாகங்களுக்குப் புது பெயிண்ட்: அடிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியவை

எங்கள் வீட்டு 1994 மாடல் அம்பாசடருக்கு முழு பெயிண்ட் அடித்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். நாலாவது மாதம் பானெட்டில் கொத்தமல்லி விதை அளவுக்குக் கொப்புளங்கள் கிளம்பின. ஒன்றை நகத்தால் கீறினேன். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர். அதற்குக் கீழே, தகட்டின் பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டி ஈரமாக இருந்தது. பட்டிக்கும் கீழே தகடு செம்மண் நிறத்தில். அடுத்த மழைக்குள் முன்பக்க மட்கார்டு இரண்டும் டிக்கி கதவும் அதே கதிக்கு வந்துவிட்டன. அந்தப் பெயிண்டுக்கு ஆன செலவு 38,000 ரூபாய்.

பெயிண்ட் நல்ல பெயிண்ட்தான், அடித்த கையும் நல்ல கைதான். பட்டி போடாத இடங்களில் இன்றுவரை எதுவும் ஆகவில்லை. கோளாறு முழுக்க அடியில்தான் இருந்தது. அதனால் 2023 தொடக்கத்தில் பானெட், இரண்டு மட்கார்டு, டிக்கி கதவு, ஐந்து ரிம் ஆகியவற்றைக் கழற்றி, அடித்தள வேலையை நானே செய்தேன். மேல் பெயிண்டை மட்டும் பெயிண்டரிடம் கொடுத்தேன். அதற்குப் பிறகு மூன்று வடகிழக்குப் பருவமழை சென்னையில் கடந்துவிட்டது; ஒரு கொப்புளம் கூட இல்லை. அந்த வேலையை எப்படிச் செய்தேன் என்பதை முதன்முறையாக இறங்குபவர்களுக்காக வரிசையாக எழுதியிருக்கிறேன். இது இரும்புத் தகட்டுக்கு மட்டும். பிளாஸ்டிக் பம்பருக்கும் அலுமினிய ரிம்முக்கும் முறை வேறு.

1. முதலில் காகித வேலை

ஆர்.சி. புத்தகத்தில் நிறம் எழுதியிருக்கும். அதே நிறத்தையே திரும்ப அடிப்பதானால் யாரிடமும் அனுமதி தேவையில்லை. நிறத்தை மாற்றுவதானால் வேலை தொடங்கும் முன்பே உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். அடித்து முடித்ததும் வண்டியைக் காட்டி ஆர்.சி.யில் புது நிறத்தைப் பதிய வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி, வண்டியில் செய்த மாற்றத்தை 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். விபத்து கிளெய்மில் ஆர்.சி. ஒரு நிறம், வண்டி ஒரு நிறம் என்றால் கேள்வி வரும். இன்னொன்று: பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் ஆசைப்படும் ஆலிவ் பச்சை ராணுவ வண்டிகளுக்கு மட்டுமே உரியது. மத்திய மோட்டார் வாகன விதி 121 மற்றவர்களுக்கு அதைத் தடை செய்கிறது.

சொந்த உபயோகக் காருக்கு முதல் 15 வருடத்துக்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். படிவம் 25. காலாவதியாகும் நாளுக்கு 60 நாள் முன்பிருந்துதான் கொடுக்க முடியும். பெயிண்ட் வேலையை அந்தத் தேதிக்கு முன்னால் முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம், ஏனென்றால் ஆய்வின்போது பாடியையும் பார்ப்பார்கள். நான் 2024இல் புதுப்பித்தபோது கட்டணம் 5,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் வந்த திருத்தத்துக்குப் பிறகு 20 வருடம் தாண்டிய காருக்கு அது 10,000 ஆகிவிட்டது.

அந்த ஆய்வில் சேஸிஸ் நம்பரின் மேல் காகிதம் வைத்து பென்சிலால் தேய்த்துப் படி எடுப்பார்கள். எங்கள் வண்டியில் முதல் பெயிண்டர் அதன்மேலும் தடியாக அடித்துவிட்டிருந்தார், எழுத்தே விழவில்லை. பெயிண்டைக் கரைக்கும் ரிமூவரும் பழைய டூத்பிரஷும் வைத்து மெதுவாகச் சுத்தம் செய்த பிறகுதான் நம்பர் தெரிந்தது. சேஸிஸ் நம்பர் இருக்கும் இடத்தில் கிரைண்டர், உப்புத்தாள், அமிலம் எதையும் கொண்டுபோகாதீர்கள். அழிந்த நம்பருக்கு விளக்கம் சொல்லி மாளாது. மாஸ்கிங் டேப் ஒட்டி மூடி வையுங்கள்.

தகடு மிகவும் போய்விட்டிருந்தால், சென்னையில் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பழைய மட்கார்டோ கதவோ தேடிப் பார்க்கலாம். வாங்கும்போது உங்கள் பெயர் போட்ட பில் கேட்டு வாங்குங்கள். பில் இல்லை என்றால் அந்தக் கடையில் வாங்க வேண்டாம்.

2. எந்த மாதம்

சென்னையில் பிப்ரவரி முதல் ஜூன் வரை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை தொடவே தொடாதீர்கள். காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டிய நாளில் ப்ரைமர் என்ற அடிப்பூச்சை அடிக்கக் கூடாது என்பது தொழிற்சாலைகளில் கடைப்பிடிக்கும் வரம்பு, அதையே நீங்களும் வைத்துக்கொள்ளலாம். செல்போனில் வானிலை பார்த்தாலே தெரியும். கடலோர ஊர்களில் சாயங்காலம் கடல்காற்று ஈரத்தோடு உள்ளே வரும். காலை ஒன்பதிலிருந்து மதியம் மூன்று வரை நல்ல நேரம்.

வார இறுதிகளில் மட்டும் செய்து எனக்கு ஆறு வாரம் ஆயிற்று. தினமும் உட்கார முடிந்தால் பத்து, பன்னிரண்டு நாளில் முடியும். அதற்கும் குறைவாக யாராவது நாள் சொன்னால் எந்தப் படியை விடப்போகிறார் என்று கேளுங்கள்.

3. வாங்க வேண்டியவை

நான் கொடுத்த விலை, ஏறக்குறைய: பெயிண்ட் ரிமூவர் 4 லிட்டர் 1,400 ரூபாய். இறுக வைக்கும் ஹார்டனரோடு எபாக்சி ப்ரைமர் 2 லிட்டர் 2,000. பேஸ்ட் பட்டி 2 கிலோ 700. உப்புத்தாள் (ஈரத்தில் தேய்க்கும் வாட்டர் பேப்பரும் உலர் பேப்பரும்; நம்பர் கூடக் கூட நைசு) சேர்த்து 900. கிரீஸ், மெழுகு எடுக்கும் திரவம் ஒரு லிட்டர் 600. துரு மாற்றும் திரவம் 350. கிரைண்டரில் மாட்டிப் பெயிண்ட் உரிக்கும் ஸ்ட்ரிப் டிஸ்க் நாலு, 1,000. கார்பன் வடிகட்டி வைத்த மாஸ்க் 1,800. கையுறை, கண்ணாடி 500. எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துச் சொச்சம். கிரைண்டர் புதிதாக வாங்கினால் இன்னொரு இரண்டாயிரத்து ஐந்நூறு. கம்பரசரையும் ஸ்ப்ரே கன்னையும் தேவைப்பட்ட நாளுக்கு மட்டும் வாடகைக்கு எடுத்தேன்.

இதில் எதைக் குறைத்தாலும் மாஸ்க்கையும் ப்ரைமரையும் குறைக்காதீர்கள். பழைய பெயிண்டில், அதிலும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில், ஈயம் இருக்கலாம். வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்று 2016இல் வந்த விதி வீட்டு, அலங்கார பெயிண்டுகளுக்குத்தான். கார் பெயிண்டை அது கட்டுப்படுத்தாது. அதனால் தூசு எல்லாமே ஈயத் தூசு என்று நினைத்தே வேலை செய்யுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வர வேண்டாம். வேலை செய்த சட்டையைத் தனியாகத் துவையுங்கள். தூசைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். உரித்த பெயிண்ட் சக்கையைச் சாக்கடையில் தள்ளாதீர்கள். டப்பாவில் மூடி, அபாயகரமான கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

4. கழற்றுவது

கழற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு மூலையையும் போனில் படம் எடுங்கள். பானெட் கீல் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று மார்க்கரால் கோடு போடுங்கள். மட்கார்டு போல்ட்டுக்கு அடியில் சில இடங்களில் இரண்டு மூன்று வாஷர் கொடுத்திருப்பார்கள். அது இடைவெளி சரிசெய்ய வைத்தது. எந்த போல்ட்டில் எத்தனை வாஷர் என்று எழுதி, ஜிப் கவரில் போட்டுப் பெயர் ஒட்டுங்கள். பானெட்டை இரண்டு பேர் பிடித்துத்தான் இறக்க வேண்டும்.

கைப்பிடி, குரோம் பட்டை, பேட்ஜ், ரப்பர் பீடிங் எல்லாம் வெளியே வர வேண்டும். டேப் ஒட்டிச் சமாளிக்கலாம் என்று பெயிண்டர் சொல்லக்கூடும். டேப்புக்குப் பக்கத்தில்தான் முதலில் உரியும். பழைய பீடிங் கழற்றும்போதே உடையும், புதியது வாங்கத் தனியாகப் பணம் எடுத்து வையுங்கள்.

5. பேப்பர் போடும் முன் எண்ணெயை எடுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லாரும் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் தேய்த்துவிட்டு அப்புறம் துடைப்பார்கள். முப்பது வருடமாக அந்த வண்டியில் பூசிய பாலிஷ், சிலிக்கான் ஸ்ப்ரே, கிரீஸ் எல்லாம் மேலே இருக்கிறது. உப்புத்தாள் போட்டதும் அது கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பிறகு எவ்வளவு துடைத்தாலும் வராது. பெயிண்ட் அடிக்கும்போது அந்த இடத்தில் பெயிண்ட் விலகி, மீன் கண் மாதிரி வட்ட வட்டமாகக் குழி விழும்.

முதலில் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரில் இருபுறமும் கழுவுங்கள். காய்ந்ததும் கிரீஸ் எடுக்கும் திரவத்தை ஒரு துணியில் நனைத்து ஒரு முழம் அகலத்துக்குத் துடையுங்கள். அது காய்வதற்குள் இன்னொரு உலர்ந்த சுத்தமான துணியால் எடுத்துவிடுங்கள். காய விட்டால் கரைந்த கிரீஸ் அதே இடத்தில் திரும்பப் படியும். துணியை அடிக்கடி மாற்றுங்கள். துவைத்த பழைய வெள்ளைப் பனியன் துணி நல்லது, துணி சாஃப்ட்னர் போட்டுத் துவைத்தது கூடாது. மண்ணெண்ணெயும் பெட்ரோலும் வேண்டவே வேண்டாம். இரண்டும் எண்ணெய்ப் படலத்தை விட்டுப் போகும், பெட்ரோல் தீப்பிடிக்கவும் செய்யும்.

நம் ஊருக்கென்று சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு அன்றைக்கு இந்த வேலையைத் தொடாதீர்கள். நெற்றி வியர்வையைக் கையால் துடைத்து, அதே கையைத் தகட்டில் வைப்போம். அந்தக் கைத்தடம் பெயிண்டில் தெரியும். இந்தப் படியிலிருந்து கடைசிவரை கையுறை இல்லாமல் தகட்டைத் தொடக் கூடாது.

6. அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

எல்லாவற்றையும் உரிக்க வேண்டும் என்று அவசியமில்லை. கம்பெனியில் சூளையில் வைத்துக் காய்ச்சிய முதல் பூச்சு உறுதியாக ஒட்டியிருந்தால், அதைவிட நல்ல அடித்தளத்தை நம்மால் போட முடியாது. உரிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய நான் மூன்று சோதனை செய்தேன்.

முதலாவது காந்தம். ஃப்ரிட்ஜில் ஒட்டும் சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி நகர்த்துங்கள். பிடி தளர்கிற இடத்தில் பட்டி தடியாக இருக்கிறது. எங்கள் இடது மட்கார்டில் ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஒரு சாண் அகலத்துக்குக் காந்தம் நழுவி விழுந்தது. பழைய கார் வாங்கி விற்பவர்களிடம் பெயிண்டின் தடிமன் காட்டும் மீட்டர் இருக்கும், கிடைத்தால் இன்னும் நல்லது. கம்பெனி பெயிண்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் காட்டும். 300ஐத் தாண்டினால் மேலே மறுபடி அடித்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் போனால் அது பட்டி.

இரண்டாவது பிளேடும் டேப்பும். பெயிண்டில் குறுக்கும் நெடுக்குமாக ஆறாறு கோடு தகடு வரை கீறி, நல்ல ஒட்டும் டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். கட்டம் கட்டமாகப் பெயிண்ட் டேப்போடு வந்தால் முழுவதும் உரிக்கத்தான் வேண்டும்.

மூன்றாவது தின்னர். வெளியே தெரியாத ஒரு மூலையில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் நனைத்த துணியை ஒரு நிமிடம் வைத்துத் தேயுங்கள். நிறம் துணியில் கரைந்து வந்தால் அது பழைய என்.சி. பெயிண்ட், கடைக்காரர்கள் டக்கோ என்பது. சுருங்கிப் பொங்கினால் சாதாரண எனாமல். ஒன்றும் ஆகாவிட்டால் ஹார்டனர் கலந்த பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்ட் அல்லது கம்பெனிப் பூச்சு. முதல் இரண்டின்மேல் நேராக பி.யூ. அடித்தால் அதன் தின்னர் அடிப்பூச்சைக் கிளப்பிச் சுருக்கிவிடும். அதை உரித்துவிடுங்கள். மூன்றாவது வகை என்றால் 320 நம்பர் பேப்பரால் பளபளப்புப் போகத் தேய்த்தால் போதும்.

எங்கள் பானெட்டில் கீழிருந்து மேலாக ஐந்து அடுக்கு எண்ணினேன். வெள்ளை, சிமெண்ட் நிற ப்ரைமர், பட்டி, மறுபடி ப்ரைமர், வெள்ளை. யோசிக்காமல் உரித்தேன்.

7. உரிப்பது

மூன்று வழி இருக்கிறது.

பெரிய தட்டைத் தகடுக்கு ரிமூவர். முதலில் 80 நம்பர் பேப்பரால் பெயிண்டைக் கீறிவிடுங்கள், அப்போதுதான் உள்ளே இறங்கும். நிழலில் வைத்து, பிரஷால் ஒரே பக்கமாகத் தடியாகப் பூசி, மேலே பாலித்தீன் தாளைப் போட்டு மூடுங்கள். வெயிலில் பூசினால் வேலை செய்யும் முன்பே காய்ந்துவிடும். இருபது முப்பது நிமிடத்தில் பெயிண்ட் சுருண்டு எழும். பட்டி பிளேடின் முனையை மழுக்கிவிட்டுச் சுரண்டுங்கள். பானெட்டின் ஓரத்தில் தகட்டை மடித்திருக்கும் இடத்தில் ஒரு அங்குலம் விட்டு நிறுத்துங்கள். அந்த மடிப்புக்குள் ரிமூவர் புகுந்தால் கழுவினாலும் வராது. ஆறு மாதம் கழித்து உள்ளிருந்து கசிந்து புதுப் பெயிண்டை ஓரம் ஓரமாகக் கிளப்பும். ஓரத்தைக் கையாலேயே பேப்பர் போட்டு எடுங்கள்.

டப்பாவில் மெத்திலீன் குளோரைடு என்று எழுதியிருந்தால் திறந்த வெளியில் மட்டும்தான். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். உடலுக்குள் போனால் கார்பன் மோனாக்சைடாக மாறும். மூடிய அறையில் ஆளைக் கொல்லக்கூடியது. கார்பன் மாஸ்க்கும் அதைச் சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது. மெல்லிய டாக்டர் கையுறை கரைந்துவிடும், தடித்த ரப்பர் கையுறை போடுங்கள்.

வளைவு நெளிவுக்கும் பழைய பட்டிக்கும் கிரைண்டரில் நைலான் ஸ்ட்ரிப் டிஸ்க். கம்பி பிரஷ் வேண்டாம் என்பது என் கருத்து. அது துருவை எடுப்பதுபோலத் தெரியும், உண்மையில் துருவையே தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டுப் போகும். உப்புத்தாள் மடல்கள் வைத்த ஃபிளாப் டிஸ்க் தகட்டையே தின்னும். ஒரே இடத்தில் நிறுத்தித் தேய்த்தால் எதுவானாலும் தகடு சூடாகி நெளியும். கை வைத்துப் பாருங்கள், சுட்டால் வேறு இடத்துக்குப் போங்கள்.

ரிம், பிராக்கெட் மாதிரித் தடித்த உருப்படிகளுக்கு பிளாஸ்டிங், அதாவது மணல் போன்ற துகளைக் காற்றழுத்தத்தில் அடித்து உரிப்பது. பானெட், கதவுத் தகடு போன்றவற்றை பிளாஸ்டிங்குக்குக் கொடுக்காதீர்கள், மணல் அடிக்கும் வேகத்தில் தகடு வீங்கி அலை அலையாகிவிடும். கொடுக்கும் இடத்தில் ஆற்று மணல் போட்டு அடிக்கிறார்களா என்று பாருங்கள். அந்தத் தூசு வேலை செய்பவரின் நுரையீரலைக் கெடுக்கும். மணலுக்குப் பதில் கார்னெட் என்ற கனிமத் துகளைப் பயன்படுத்தும் இடமாகத் தேடிப் போனேன். ஐந்து ரிம்முக்கும் பிளாஸ்டிங், பவுடர் கோட்டிங் சேர்த்து 4,500 ரூபாய் ஆயிற்று. பவுடர் கோட்டிங் என்பது பெயிண்ட் பொடியை அடித்து உருக்குவது; அதன் சூளையில் ஏறக்குறைய 200 டிகிரி வரை சூடு போகும் என்பதால் பட்டி போட்ட பாகத்துக்கு அது ஒத்துவராது.

காஸ்டிக் சோடாத் தொட்டியில் முக்கித் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். இரட்டைத் தகடாக இருக்கும் கதவையும் பானெட்டையும் கொடுக்காதீர்கள். இடுக்கில் தேங்கும் காரம் பிற்பாடு வெளியே வரும். அலுமினியத்தை அது அரித்தே விடும்.

இன்னொன்று, புதிய கார்கள் பலவற்றில் தகட்டின்மேல் துத்தநாகப் பூச்சு இருக்கும். பெயிண்டை எடுத்ததும் மங்கிய சாம்பல் நிறம் தெரிந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அது காவல், அதைத் தேய்த்து எடுக்கக் கூடாது.

8. துரு

மேலோட்டமான துரு பேப்பரிலேயே போய்விடும். ஓட்டை விழுந்திருந்தால் தகடு வேலை செய்யும் டிங்கரிடம்தான் போக வேண்டும். அழுகிய தகட்டை வெட்டி எடுத்துப் புதுத்தகடு வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். ஓட்டைமேல் பட்டி அப்பினால் பின்பக்கமிருந்து ஈரம் ஏறும், ஒரு மழைக்குத் தாங்காது. கேஸ் வைத்துப் பித்தளை வெல்டிங் செய்தால், வெண்காரம் கண்ணாடி மாதிரி உறைந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அதை முழுதும் தட்டித் தேய்த்து எடுத்து, வெந்நீரில் கழுவ வேண்டும். அப்படிச் செய்யாமல் ப்ரைமர் அடித்தால் அந்த வரி முழுக்கப் பெயிண்ட் உரியும்.

இரண்டுக்கும் நடுவில் இருக்கும் புள்ளிக் குழித் துருதான் பலரை ஏமாற்றுவது. தகடு பளிச்சென்று வெள்ளையாக இருக்கும், ஊசிமுனைக் குழிகள் மட்டும் கறுப்பாகத் தெரியும். அந்தக் கறுப்பு துருதான். பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றும் திரவத்தைப் பூசி, டப்பாவில் சொன்ன நேரம்வரை காயாமல் ஈரமாகவே வைத்து, சின்ன பிரஷால் குழிகளைக் குத்திக் குத்தித் தேய்த்தேன். இரண்டு தடவை. பிறகு தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். சில கடைகளில் “கழுவ வேண்டாம் சார், அப்படியே அடிக்கலாம்” என்பார்கள். மேலே போவது எபாக்சி என்றால் கழுவித்தான் ஆக வேண்டும், மிச்ச அமிலம் எபாக்சியை ஒட்ட விடாது.

கடைசிக் கழுவலுக்கு போர் தண்ணீர் வேண்டாம். சென்னையில் பல இடங்களில் அது உப்புத் தண்ணீர். தகட்டில் காயும் உப்பு, பெயிண்டுக்கு அடியில் இருந்துகொண்டு காற்றின் ஈரத்தை உறிஞ்சி இழுக்கும். முதல் தடவை எங்கள் பானெட்டில் கிளம்பிய கொப்புளங்களுக்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். கேன் தண்ணீர் இரண்டு வாங்கி ஊற்றினேன், எழுபது ரூபாய்க்குக் குறைவுதான். உடனே துணியால் ஒற்றி, ஹேர் டிரையரால் மடிப்பு, இடுக்கு எல்லாம் சூடு ஏற உலர்த்துங்கள்.

9. அன்றைக்கே எபாக்சி

வெறும் தகட்டை ஒரு ராத்திரி வைக்காதீர்கள். நம் காற்றில் மறுநாள் காலையில் மஞ்சள் பூத்துவிடும், விரல் பட்ட இடத்தில் ரேகை தெரிய துரு ஏறும். எனவே ஒரே நாளில் ப்ரைமர் வரை போய்ச் சேரக்கூடிய அளவுக்கு மட்டும் உரியுங்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பாகம் என்று வைத்துக்கொண்டேன்.

உலர்ந்த தகட்டை 120, பிறகு 180 நம்பர் பேப்பரால் ஒரே சீராகக் கீறி, கிரீஸ் திரவத்தால் மறுபடி துடைத்து, எபாக்சி ப்ரைமர் இரண்டு கோட். ஹார்டனரை அளவுக் குவளையில் அளந்து கலக்குங்கள். கண் அளவு வேண்டாம். பழக்கத்தில் எல்லாரும் அடிக்கும் ரெட் ஆக்சைடு ப்ரைமர் விலை குறைவுதான், ஆனால் அது ஜன்னல் கம்பிக்கு. அதன்மேல் பி.யூ. தின்னர் பட்டால் கிளம்பும். உள்பக்கம், பிராக்கெட் அடி எல்லாவற்றையும் பிரஷால் பூசுங்கள். கதவு என்றால் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகளைக் குச்சியால் குத்தித் திறந்து வையுங்கள். அவை அடைபட்டுத்தான் பழைய கார்களின் கதவு அடி அழுகுகிறது.

எத்தனை மணி நேரத்துக்குள் அடுத்த பூச்சு போகலாம் என்று டப்பாவில் இருக்கும். அந்த நேரம் தாண்டிவிட்டால் மறுபடி 320 போட்டுக் கீறிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

10. பட்டி

எபாக்சி நன்றாக இறுகிய பிறகு, பட்டி போகும் இடத்தை மட்டும் 180 போட்டுக் கீறி, அதன்மேல் பேஸ்ட் பட்டி. ஹார்டனர் எடையில் இரண்டு சதவீதம்; நூறு கிராமுக்கு இரண்டு கிராம். சீக்கிரம் காயட்டும் என்று கூடுதலாகப் போட்டால், அந்த மிச்சம் வெள்ளைப் பெயிண்டில் கறையாக மேலே வரும். சித்திரை வெயிலில் ஐந்து நிமிடத்தில் இறுகிவிடும், கொஞ்சம் கொஞ்சமாகக் குழையுங்கள். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தேவைப்படுகிறது என்றால் பள்ளத்தை டிங்கர் தட்டி எடுக்கவில்லை என்று அர்த்தம்.

பட்டியை உலர்வாகத்தான் தேய்க்க வேண்டும். இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். பேஸ்ட் பட்டி பஞ்சு மாதிரி தண்ணீரை உறிஞ்சும். பல ஒர்க்‌ஷாப்பில் தூசு பறக்கக் கூடாதென்று வாட்டர் பேப்பரையும் குழாயையும் வைத்துத் தேய்ப்பார்கள், மறுநாளே மேலே அடித்துவிடுவார்கள். உள்ளே சிக்கிய தண்ணீர் வெயிலில் ஆவியாகிப் பெயிண்டைத் தூக்கும், மீதி கீழே போய்த் தகட்டைத் துருவாக்கும். எங்கள் பானெட்டைப் பார்த்த ஒரு வயதான டிங்கர், “தம்பி, பட்டி குடிச்ச தண்ணி எப்பவாச்சும் வெளிய வந்துதான் தீரும்” என்றார். மாஸ்க் போட்டுக்கொண்டு, நீளமான மரக்கட்டையில் 80 நம்பர் பேப்பர் சுற்றி, குறுக்காகவும் மறுகுறுக்காகவும் தேயுங்கள். பிறகு 180, 240. விரலால் மட்டும் தேய்த்தால் அலை விழும். கண்ணை நம்பாமல், மெல்லிய துணியைப் பரப்பி அதன்மேல் உள்ளங்கையை ஓட்டிப் பாருங்கள். மேடு பள்ளம் உடனே தெரியும்.

11. ஒருமுறை மாட்டிப் பாருங்கள்

பட்டி வேலை முடிந்ததும் பாகத்தை வண்டியில் மாட்டி இடைவெளி பாருங்கள். பெயிண்ட் அடித்த பிறகு பானெட் இடிக்கிறது என்று தெரிந்தால் எல்லாம் முதலிலிருந்து. எங்கள் வலது மட்கார்டு கதவோரம் ஒரு நூல் தள்ளி நின்றது, வாஷர் ஒன்றை மாற்றியதும் உட்கார்ந்தது.

பிறகு கழற்றி, சின்னக் கீறல்களை நிரப்பும் ஃபில்லர் ப்ரைமர். ஹார்டனர் கலந்த இந்த வகைப் ப்ரைமரிலும் பி.யூ. பெயிண்டிலும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கும். நுரையீரலில் போனால் ஆஸ்துமா வரும், துணி மாஸ்க்கும் என்95ம் தடுக்காது. வெளியிலிருந்து குழாயில் காற்று வரும் மாஸ்க்கும் பெயிண்ட் அடிக்கும் தனி அறையும் (பூத்) உள்ள பெயிண்டரிடம் அதை விட்டுவிடுங்கள். அடித்து வந்ததும் மேலே கறுப்பு ஸ்ப்ரேயைத் தூவலாக ஒரு தடவை அடித்து, கட்டையில் 400, பிறகு 600 நம்பர் வாட்டர் பேப்பர். இங்கே தண்ணீர் போடலாம், ஆனால் எங்காவது பட்டி வெளியே தெரிந்தால் நிறுத்திவிட்டு அந்த இடத்தில் மறுபடி ப்ரைமர் போடுங்கள். கறுப்பு மிஞ்சும் இடம் பள்ளம். மெட்டாலிக் நிறம் என்றால் 800 வரை போக வேண்டும், இல்லாவிட்டால் கீறல் தெரியும்.

12. பெயிண்டரிடம் கொடுக்கும்போது

பெட்ரோல் டேங்க் மூடியைக் கழற்றி நிறம் பார்க்கக் கொடுங்கள். முப்பது வருட வெள்ளை, கடையில் கிடைக்கும் வெள்ளையோடு சேராது. எந்தக் கம்பெனி எபாக்சி, எந்தப் பட்டி, என்றைக்கு அடித்தது என்று ஒரு தாளில் எழுதி, டப்பா லேபிளைப் படம் எடுத்து அனுப்புங்கள். மேலே அவர் போடும் தின்னரும் பெயிண்டும் அதற்கு ஒத்துவர வேண்டும். கூலி பேசும்போதே, மேலே மறுபடி என்.சி. பட்டி இழுக்கக் கூடாது, கேட்காமல் எதையும் ஈரத்தில் தேய்க்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். எனக்கு அவர் ஃபில்லர் ப்ரைமருக்கும் மேல் பெயிண்டுக்கும் பொருளோடு சேர்த்து 14,000 வாங்கினார். பில்லில் பெயிண்டின் நிறக் குறியீட்டை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், நாளைக்கு ஒரு கீறல் விழுந்தால் அதுதான் வேண்டும்.

வந்ததும் மாட்ட அவசரப்படாதீர்கள். ஒரு வாரம் நிழலில் துணிமேல் சாய்த்து வையுங்கள். மாட்டும்போது போல்ட் உராயும் இடங்களில் பெயிண்ட் தெறிக்கும்; மிச்சம் வைத்த எபாக்சியைப் புதிதாகக் கலந்து சின்ன பிரஷால் தொட்டுவிடுங்கள். பானெட் மடிப்புக்குள்ளும் கதவின் உள்ளேயும் மெழுகு ஸ்ப்ரே அடியுங்கள். பாலிஷ் மூன்று மாதத்துக்கு வேண்டாம்.

முதல் மழை முடிந்ததும் வெயிலில் நிறுத்தி, பட்டி போட்ட இடங்களைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். நான் இப்போதும் டிசம்பர் கடைசியில் அப்படி ஒருமுறை பார்ப்பேன், இடது மட்கார்டு ஹெட்லைட் பக்கத்தில் தொடங்கி.